கிழிக்கும் நாட்காட்டி: ஒரு தாளில் ஒரு நாள்

தமிழகத்து வீடுகளிலும் கடைகளிலும் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி, நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கப்படுவது. பேச்சுவழக்கில் இது ‘டெய்லி காலண்டர்’, ‘கிழிக்கும் காலண்டர்’ எனப்படும். மேலே ஒரு தெய்வப் படம் அல்லது இயற்கைக் காட்சி, அதன் அடியில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும், அதற்கும் கீழே முந்நூற்றுச் சொச்சம் தாள்கள் கொண்ட கட்டு. தாளின் நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி இருக்கும். அதைச் சுற்றித் தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், ராசி பலன் எனப் பொடி எழுத்துகள் நெருங்கி நிற்கும்.

இவ்வளவு செய்தி இருந்தும் தேதி பார்ப்பவருக்கு ஒரு நொடிக்கு மேல் ஆவதில்லை. மதுரையில் ஒரு மளிகைக் கடையின் வாசலில் நிற்பவர் உள்ளே சுவரில் இருக்கும் எண்ணை அங்கிருந்தே படித்துவிடுவார். அதே தாளின் அருகில் போய் நிற்பவர் மாலை எத்தனை மணிக்கு ஏகாதசி பிறக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வார். தூரத்துக்கு ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக ஒரே தாள் இரண்டு வேலை செய்கிறது. இந்த அமைப்பைத் தனியொருவர் வரைந்து கொடுத்ததாகத் தெரியவில்லை. அச்சகங்களும் சோதிடர்களும் கடைக்காரர்களும் வாங்குபவர்களும் ஆண்டுக்கு ஆண்டு சேர்த்தும் குறைத்தும் உருவாக்கிய வடிவம் அது.

கேட்டு அறிந்த நாள்

நாட்காட்டி சுவருக்கு வருவதற்கு முன்பு தேதி என்பது பெரும்பாலும் கேட்டு அறியும் செய்தியாகவே இருந்தது. பஞ்சாங்கம் என்ற சொல்லே வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து உறுப்புகளைக் குறிக்கிறது. இவற்றைக் கணிக்கத் தெரிந்தவர் சிலர். கணித்ததைப் படிக்கத் தெரிந்தவர் இன்னும் சிலர். மற்றவர்கள் அவர்களிடம் போய் நாள் கேட்டார்கள். சித்திரை முதல் நாளில் கோயில்களில் பஞ்சாங்கம் வாசிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. வரப்போகும் ஆண்டைக் காதால் கேட்ட காலத்தின் தொடர்ச்சி அது.

கணித்தவர்களின் திறமை வியக்கத்தக்கது. தமிழகத்தின் வாக்கிய முறையில் சந்திரனின் இடம் 248 வாக்கியங்களில் அடக்கப்பட்டிருந்தது. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் புள்ளியிலிருந்து மறுபடி அதே நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அத்தகைய ஒன்பது சுற்றுகள் கிட்டத்தட்ட 248 நாள்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு தொடர். அதன் எழுத்துகளே எண்கள். வாக்கியங்களை மனப்பாடம் செய்தவருக்கு அட்டவணை தேவையில்லை. 1825-இல் சென்னையில் வெளியான ‘காலசங்கலிதம்’ என்ற நூலில் ஜான் வாரன், புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் எழுதாமல், தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் இந்த அறிவு கணிதரின் நினைவிலும் சோழிகளிலும் இருந்தது. தெருவில் போகிறவர் பார்க்கும்படி அது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

எழுதி வைத்த இடங்களும் உண்டு, ஆனால் அவற்றின் நோக்கம் வேறு. மதுரைக்கு அருகே ஆனைமலையில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கல்வெட்டு, கலியாண்டு 3871 என்று குறிக்கிறது. அது பொது ஆண்டு 770. பாண்டியர் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசரின் ஆட்சியாண்டைச் சொல்லி, அதற்கு ‘எதிர்’ இன்னும் இத்தனை ஆண்டு என்று கூட்டிச் சொல்லும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் ஆண்டு கிடைக்கும். இத்தகைய தேதிகளை இன்றைய கணக்குக்கு மாற்றுவதற்கென்றே எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911-இல் ‘இந்தியன் குரோனாலஜி’யையும், பின்னர் 1922-இல் பல தொகுதிகள் கொண்ட ‘இந்தியன் எபிமெரிஸ்’ நூலையும் வெளியிட்டார். கல்வெட்டின் தேதி வருங்காலத்துக்காக எழுதப்பட்டது. இன்று என்ன நாள் என்று கேட்பவருக்கு அதனால் பயனில்லை.

ஓலையிலும் பத்திரங்களிலும் எழுதியவர்கள் சுருக்கக் குறிகளைக் கையாண்டார்கள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵. எண்ணுக்குப் பக்கத்தில் இந்தக் குறி ஒன்றைப் பார்த்தாலே அது நாளா, மாதமா, ஆண்டா என்பது புரிந்துவிடும். கண் பார்வைக்காகவே பிறந்த நல்ல வடிவமைப்பு. அச்சு நாட்காட்டி இதை ஏனோ எடுத்துக்கொள்ளவில்லை. 2003-இல் வந்த யூனிகோடு 4.0 பதிப்பில் இக்குறிகள் இடம்பெற்றன. கணினியில் இடம் கிடைத்தும் சுவருக்கு அவை இன்னும் திரும்பவில்லை.

மாதங்களால் ஆன நகரம்

மதுரையில் நாட்காட்டியைத் தெருப்பெயராகவே நடந்து கடக்கலாம். மீனாட்சியம்மன் கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். மதிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள். அடுத்த சுற்றில் ஆவணி மூல வீதிகள், அதற்கு அப்பால் மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள். ஆவணி மூலம் என்பதில் மாதமும் நட்சத்திரமும் சேர்ந்தே இருப்பதால் அது பெயராக மட்டுமின்றி ஒரு தேதியாகவும் நிற்கிறது.

இந்தப் பெயர்களும் பழைய தாள் போலச் சில இடங்களில் பின்தங்கிவிட்டன. இன்று சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் வைகையில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அது உண்மையாயின் ஓர் அரசர் விழாவின் தேதியை மாற்றினார், தெருவின் பெயர் பழைய தேதியிலேயே நின்றுவிட்டது.

சித்திரா பௌர்ணமி ஆங்கிலத் தேதியில் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருப்பது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வந்தவர்களுக்கு அந்த நாள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தினசரித் தாளின் பொடி எழுத்துகளுக்கு இவ்வட்டாரத்தில் இருந்த தேவை இங்கிருந்துதான் புரிகிறது.

சிவகாசியின் பங்கு

மதுரையிலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிவகாசி. 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்திலும் பிறகு விருதுநகர் மாவட்டத்திலும் சேர்ந்த இந்த ஊர் மழை குறைந்த கரிசல் பூமி. 1920-களின் தொடக்கத்தில் இவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டன. சீட்டு அடிக்க அச்சகங்கள் வந்தன. அச்சகங்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை தேவைப்பட்டது. அதற்கு நாட்காட்டி பொருத்தமாக அமைந்தது. நாளுக்கொரு தாளாகக் கிழிக்கும் நாட்காட்டி 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயே புழக்கத்தில் இருந்த வடிவம்தான். அதற்குள் முழுப் பஞ்சாங்கத்தையும் நுழைத்தது இங்கே நிகழ்ந்தது.

மேல்படத்தின் வரலாறு தனிக்கதை. அருகிலுள்ள கோவில்பட்டியில் தங்கி வரைந்த சி. கொண்டையராஜு (1898–1976), அவருடைய மாணவர்கள் ஆகியோரின் தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் ஏறி நாடெங்கும் சென்றன. பல வீடுகளில் ஆண்டு முடிந்து தாள்கட்டு தீர்ந்த பிறகும் படம் மட்டும் சட்டமிடப்பட்டுப் பூசை அறைக்குப் போனது.

சிவகாசியில் அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகள் வழக்கமாக ஆடிப்பெருக்கு நாளில், அதாவது ஆகஸ்டு தொடக்கத்தில் வெளியாகின்றன. அந்த நாளில் அச்சகங்களில் பூசை போட்டு ஆல்பங்களை வெளியிடுவார்கள். வியாபாரிகள் படத்தைத் தேர்ந்து தம் கடைப்பெயரை அச்சிடச் சொல்வார்கள். வடிவமைப்பாளருக்கு இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அரசின் பொது விடுமுறைப் பட்டியல் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் வெளிவரும். ஆகவே முதலில் அச்சேறும் தாள்களில் விடுமுறை நாள்கள் ஊகத்தின் பேரிலேயே சிவப்பாகின்றன. ரம்ஜானும் பக்ரீத்தும் பிறை பார்த்து முடிவாகும் நாள்கள். ஓராண்டுக்கு முன்பே அச்சிட்ட தாள் ஒரு நாள் தவறக்கூடும். தாள் கறுப்பாக இருந்தாலும் காஜியார் அறிவித்த நாளே பெருநாள். இதை எல்லாரும் அறிந்திருப்பதால் யாரும் அச்சகத்தைக் குறை சொல்வதில்லை.

எந்த எண் பெரியது

தாளின் வடிவமைப்பில் மிகப் பெரிய முடிவு, நடுவில் எந்தத் தேதியைப் பெரிதாகப் போடுவது என்பது. சம்பளம், பள்ளிக்கூடம், நீதிமன்ற வாய்தா, ரயில் ஆகிய எல்லாம் ஆங்கிலத் தேதியில் இயங்கத் தொடங்கிய பிறகு பெரிய எண் ஆங்கிலத் தேதிக்கே போனது. தமிழ் மாதமும் தேதியும் அதன் பக்கத்தில் சிறிதாக நின்றன. எண்களின் வடிவமும் மாறியது. ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்கள் பொதுப் புழக்கத்திலிருந்து விலக, தமிழ்த் தேதியும் 1, 2, 3 என்றே அச்சானது. மார்கழி 16 என்பதும் டிசம்பர் 31 என்பதும் ஒரே உருவ எண்களில் இருப்பதால், அளவும் இடமும்தான் அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டு கணக்கோடு இது முடிவதில்லை. ஹிஜ்ரி தேதி உண்டு. தென்கோடி மாவட்டங்களில் கொல்லம் ஆண்டு. வருவாய்த் துறைக்கு ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டுப் பெயர். அரசு ஏற்ற திருவள்ளுவர் ஆண்டு, பொது ஆண்டோடு 31 கூட்டிப் பெறுவது. இவற்றுள் எது இடம்பெறுகிறது, எது விடுபடுகிறது என்பது வெறும் அழகியல் கேள்வியாக இருந்ததில்லை. 2008-இல் தமிழக அரசு தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக்கிச் சட்டம் இயற்றியது. 2011-இல் அடுத்து வந்த அரசு சித்திரைக்கே திருப்பியது. ஒவ்வொரு முறையும் ஜனவரி 14-க்கும் ஏப்ரல் 14-க்கும் உரிய தாள்களில் என்ன எழுதுவது என்ற கேள்வி அச்சகங்களுக்கு வந்து சேர்ந்தது.

மாறாக, மேக்நாத் சாகா தலைமையிலான சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டி தமிழ்ச் சுவர்களில் தடமே பதிக்கவில்லை. வானியல்படி பார்த்தால் அது செம்மையானது. வசந்த சம இரவு நாளை ஒட்டியே ஆண்டு தொடங்குகிறது. ஆனால் விழாவோ திருமணமோ சம்பளமோ எதுவும் அதைச் சார்ந்து நடக்கவில்லை. பயன் இல்லாத எண்ணுக்குத் தாளில் இடம் கிடைக்காது. இந்த ஒரு விஷயத்தில் சிவகாசி அச்சகங்களின் தீர்ப்பு நிபுணர் குழுவின் தீர்ப்பை வென்றுவிட்டது.

பொடி எழுத்தின் கணக்கு

பெரிய எண் நாளைச் சொல்லிவிடும். திதியை அப்படி ஒரே சொல்லில் சொல்ல முடியாது. ஒரு திதியின் சராசரி நீளம் சுமார் 23 மணி 37 நிமிடம். அதுவும் சீரானதன்று. ஏறத்தாழ 19 மணிக்கும் 26 மணிக்கும் இடையே கூடிக் குறையும். ஆகவே திதி காலையிலும் மாறலாம், நள்ளிரவிலும் மாறலாம். தாள் இதற்கு எளிய வழி கண்டது: இத்தனை மணி வரை இந்தத் திதி, பின்பு அடுத்தது. பழைய பஞ்சாங்கங்கள் இதை நாழிகையில் சொல்லின. ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை, எண்ணத் தொடங்குவது சூரிய உதயத்திலிருந்து. கைக்கடிகாரம் கட்டியவருக்கு நாழிகைக் கணக்கு உதவாது என்பதால் தினசரித் தாள் பெரும்பாலும் மணி நிமிடத்துக்கு மாறிக்கொண்டது. அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெள்ளை வட்டம் என்பவை படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் குறிகள். ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பும் அப்படித்தான்.

எளிமைக்கு விலையும் உண்டு. இராகு காலம் பகல்பொழுதின் எட்டில் ஒரு பங்கு. திங்கட்கிழமை அது இரண்டாம் பங்கு. தாளில் 7.30 முதல் 9 வரை என்று இருக்கும். இது காலை 6-க்கு உதயம், மாலை 6-க்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்ட கணக்கு. மதுரையோ இந்தியத் திட்ட நேரத்துக்குரிய 82.5 பாகை தீர்க்கரேகைக்கு மேற்கே ஏறத்தாழ 4.4 பாகை தள்ளி இருப்பதால், உள்ளூர்ச் சூரிய நேரம் கடிகாரத்தைவிடச் சுமார் 17 நிமிடம் பின்னே ஓடுகிறது. ஜனவரிக் கடைசியில் மதுரையில் சூரியன் 6.35-ஐத் தாண்டியே உதிக்கும். பகலை எட்டாகப் பிரித்துப் பார்த்தால் அன்று திங்கட்கிழமை இராகு காலம் 8 மணிக்கு மேல்தான் தொடங்க வேண்டும். சோதிடர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பார்கள். தாள் எடுப்பதில்லை. ஆண்டு முழுவதும், ஊர் முழுவதும் ஒரே ஏழு நேரங்கள் என்பதால்தான் அவை மனப்பாடமாகின. துல்லியத்தைக் கைவிட்டு நினைவில் நிற்பதைத் தேர்ந்துகொண்ட வடிவமைப்பு இது.

வாக்கியமா, திருக்கணிதமா என்ற பூசலும் இந்தப் பொடி எழுத்தில் நடக்கிறது. சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, கண்ணால் காணும் வானத்தோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். 1874-இல் நிகழ்ந்த வெள்ளி இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்கி நூலும் எழுதினார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் கோயில்கள் பல வாக்கியத்திலேயே நிற்கின்றன. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-இல் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20-இல்தான் திருநள்ளாற்றில் கொண்டாடப்பட்டது. ஒரே கிரகம், ஒரே பெயர்ச்சி, பதினோரு மாத வேறுபாடு. எந்தக் கணிதத்தைப் பின்பற்றுவது என்று நாட்காட்டி வெளியிடுபவர் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்ததைப் பெரும்பாலான வீடுகளில் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள்.

கிழித்த தாள்கள் வீணாவதில்லை. பின்பக்கம் பால் கணக்கும் மளிகைச் சீட்டும் ஆகும். கோயில் விபூதியை மடிக்க அதைவிடப் பொருத்தமான அளவில் தாள் கிடைப்பது அரிது.

மின்தாளில் அதே கேள்வி

1997-இல் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்திலிருந்து பிரிந்து தொடங்கிய இ-இங்க் நிறுவனத்தின் மின்தாள் 2007-இல் கிண்டில் வாசிப்புக் கருவியின் வழியே பரவலாக அறிமுகமானது. அதன் திரையில் உள்ள நுண்ணிய குமிழ்களில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்புலத்தால் மேலும் கீழும் நகர்கின்றன. நகர்ந்த பின் மின்சாரம் இல்லாமலே அங்கேயே நிற்கின்றன. படம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். நாளுக்கு ஒரு முறை மட்டும் மாற வேண்டிய தேதிக்கு இது பொருத்தமான திரை என்பதால் ஆர்வலர்கள் பலர் இதில் நாட்காட்டி செய்கிறார்கள். கறுப்பு, வெள்ளையோடு சிவப்பும் காட்டும் வகை உண்டு. கடைகளின் விலைச் சீட்டுகளில் அது புழங்குகிறது. அந்த மூன்று வண்ணங்களும் தினசரித் தாளின் வண்ணங்களே. படம் மாறப் பல விநாடிகள் ஆவதும் திரை மினுக்குவதும் அதன் குறைகள். நாளுக்கு ஒரு முறை என்றால் அவை பொருட்டல்ல.

ஆனால் அந்தத் திரையில் தமிழ் நாளைக் காட்ட முயல்பவர் சிவகாசி அச்சகங்கள் சந்தித்த அதே கேள்விகளைச் சந்திக்கிறார். எந்த எண் பெரிது, எந்தக் கணிதம், எவ்வளவு பொடி எழுத்து. கூடவே தாளுக்கு இல்லாத ஒரு கேள்வியும் உண்டு: எப்போது மாற்றுவது? ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறும். பஞ்சாங்கத்தின் கிழமையோ சூரிய உதயம் வரை நீடிக்கும். திங்கட்கிழமை விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு மருத்துவமனைச் சான்றில் திங்கள், ஜாதகத்தில் ஞாயிறு. கடிகாரத்தை நம்பும் கருவி இரண்டையும் 12 மணிக்கே மாற்றிவிடும், அல்லது ஒரு நாளில் இரு முறை மாற வேண்டியிருக்கும். தாளில் இந்தச் சிக்கல் எழவில்லை. அதை மாற்றுவது காலையில் எழுந்து கடையைத் திறப்பவரின் கை. அவர் கிழிக்கும் நேரத்தில் ஆங்கில நாளும் தமிழ் நாளும் இரண்டுமே பிறந்திருக்கும்.

வீட்டில் யாரும் இல்லாமல் ஊருக்குப் போனால் தாள் கிழிபடாமல் பழைய தேதியிலேயே நிற்கும். மின்கலம் தீர்ந்த மின்தாளும் கடைசித் தேதியை அழியாமல் காட்டிக்கொண்டே இருக்கும். தாள் பழையது என்பது அதன் மேல் படிந்த தூசியிலும் பூட்டிய கதவிலும் தெரியும். மின்தாளில் அது தெரிய வேண்டுமானால் ஒரு மூலையில் மின்கலத்தின் அளவுக்கும் இடம் ஒதுக்க வேண்டும், ஏதேனும் ஒரு பொடி எழுத்தை எடுத்துவிட்டு.